துடக்கு வீட்டுப் பால்

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆமி அடித்த ஷெல் விழுந்து எங்கள் ஆடு செத்தது. வேறு சேதம் இல்லை. ஆனால் அந்த ஆட்டுப் பாலில்தான் என் பிள்ளை உயிரோடு இருந்தது.

பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். பெண்பிள்ளை. பிறந்த பன்னிரண்டாம் நாள் தாய் காய்ச்சலில் போய்விட்டா. நான் தோட்டக்காரன். தோட்டத்தைத் தமையனிடம் விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருந்தேன்.

எங்கள் ஒழுங்கை முடிவில் வைரவர் கோவில். ஒரு சூலம், ஒரு கொட்டில், முற்றத்தில் ஒரு வேம்பு. அவ்வளவுதான். வேம்புக்குப் பக்கத்தில் பதுங்குகுழி வெட்டியிருந்தோம். பின்னேரங்களில் கைப்பிள்ளைக்காரிகள் நாலு பேர் அந்த நிழலில் பாய் போட்டு இருப்பார்கள். குண்டு போடப் பொம்பர் வந்தால் குழிக்கு ஓடக் கிட்ட. நானும் போய் இருந்தேன். ஆம்பிளை நான் ஒருவன்தான்.

முதல் நாள் பவளம் அக்கா சிரித்தா. அவவிடம் இருந்தது ஐந்தாவது பிள்ளை.

"தம்பி, உது மண்வெட்டி இல்லை. பிள்ளை. கழுத்தைப் பிடி."

பால் குடித்த பிள்ளையை ஏவறை விடப் பண்ணவும் பால் போத்தில் சூப்பி அவிக்கவும் அவர்கள்தான் காட்டித் தந்தார்கள். யோகம்தான் நிறையச் சொல்லித் தந்தவள். இளம்பிள்ளை. அவளுக்கு மூன்று மாதப் பொடியன்.

"அண்ணை, பிள்ளையோடை கதையுங்கோ. இப்பிடி உம்மெண்டு இருந்தால் அதுவும் உங்களை மாதிரி வந்திடும்" என்பாள்.

பிள்ளை நிறை போடவில்லை. வைரவருக்கு நேர்த்தி வைத்தேன். நாற்பத்தொரு நாள் காலமை முழுகி, முற்றம் கூட்டி, விளக்கு வைப்பேன். துடக்குத் தீட்டு அண்டாமல் இருப்பேன். என் பிள்ளையை மட்டும் உயிரோடு விடு என்று.

நேர்த்தியின் பத்தாம் நாள் யோகத்தின் மனிசன் செத்தான். சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டு போன வழியில் ஆமி ஹெலிகொப்டரில் இருந்து சுட்டது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த வீட்டில் மற்றவர்கள் வாய் நனைப்பதில்லை. அந்த வீட்டார் கோவில் முற்றத்தில் கால் வைப்பதில்லை.

அவன் செத்து எட்டாம் நாள் பின்னேரம் யோகம் பொடியனோடு கோவில் வாசல் படலையடியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"தனிய இருக்கப் பயமாக் கிடக்கு அக்கா. இதிலை நிக்கட்டே?"

பவளம் அக்கா என்னைப் பார்த்தா. நேர்த்திக்காரன் நான்.

"துடக்குக் கழியட்டும் பிள்ளை. பிறகு வா" என்றேன்.

"ஓம் அண்ணை."

போய்விட்டாள். என் மனிசி செத்தபோது நானும் முப்பத்தொரு நாள் அந்தப் படலைக்கு வெளியில் நின்றவன்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த கிழமைதான் ஆடு செத்தது.

கடைகளில் பால்மா இல்லை. மானிப்பாய் வரை சைக்கிளில் தேடினேன். இல்லை. பசுப்பால் கொடுத்தேன். சத்தி எடுத்தது. பிறகு வயிற்றாலை போனது. ஆசுபத்திரியில் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்தார்கள். "ஆரும் தாய்ப்பால் குடுத்தால் பிழைக்கும்" என்று நேர்ஸ் மிஸ்ஸி சொன்னா.

பவளம் அக்காவுக்குப் பால் வற்றிவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் தங்கள் பிள்ளைகளுக்கே காணாது. யோகத்தின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவளிடம் பால் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். துடக்குக் கழிய இன்னும் ஒன்பது நாள் கிடந்தது. பிள்ளைக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளை அழுவதை நிறுத்தியது. கண் உள்ளே போய்விட்டது. சூலத்துக்கு முன்னால் கிடத்தினேன்.

"வைரவா, தாயை எடுத்தாய். ஆட்டை எடுத்தாய். நான் நேர்த்தியிலை பிழை விடேல்லை. ஒரு வழி காட்டு."

வேறு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பொம்பர் சத்தம் கேட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். பெண்களும் பிள்ளைகளோடு இறங்கினார்கள். கடைசியாக யோகம். முற்றத்தைத் தாண்டித்தான் குழிக்கு வர வேணும். தாண்டி வந்தாள். என்னைக் கண்டு வாசலோடு ஒதுங்கி இருந்தாள்.

குண்டு விழுந்தது. மண் கொட்டியது. எல்லாப் பிள்ளைகளும் கத்தின. என்னுடையது கத்தவில்லை.

"அண்ணை, உங்கடை பிள்ளை ஏன் அழேல்லை?"

சீலையை விலக்கிப் பிள்ளையின் முகத்தைக் காட்டினேன். யோகம் தன் பொடியனைப் பவளம் அக்காவின் மடியில் வைத்தாள். கையை நீட்டினாள். பிறகு மடக்கினாள்.

"துடக்கு அண்ணை."

"குடன் தம்பி!" என்று பவளம் அக்கா கத்தினா. "வைரவர் கேட்டால் நான் சொல்லுறன்."

கொடுத்தேன்.

பிள்ளைக்கு உறிஞ்சப் பெலன் இல்லை. யோகம் விரலால் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். நான் மண் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தேன். பொம்பர் இரண்டாம் முறையும் வந்து போனது. அதற்குப் பிறகு சின்னதாக ஒரு சத்தம். விழுங்குகிற சத்தம்.

"இழுக்குது அண்ணை" என்றாள் யோகம்.

மனிசி செத்தபோது நான் அழவில்லை. அந்தக் குழிக்குள் அழுதேன்.

அன்றோடு நேர்த்தி முறிந்தது. ஒரு நாளைக்கு ஆறு தரம் பிள்ளையைத் துடக்கு வீட்டுக்குக் கொண்டு போனேன். அங்கே தேத்தண்ணியும் குடித்தேன். ஒரு கிழமையில் பிள்ளை வாய்விட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஒழுங்கையே சிரித்தது.

நாற்பத்தோராம் நாள் படலைக்கு வெளியே நின்று கும்பிட்டேன். நேர்த்தியை நான் முறிச்சன், கேட்டதை நீ தந்திட்டாய் என்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆடு சாக முந்தியே அவர் வழியைப் படலையடிக்கு அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பினவன் நான்.

குழிக்கு மேலே போட்டு மிஞ்சின பனங்குற்றியில் நாலைந்து பேர் இருக்க ஒரு வாங்கு செய்தேன். முற்றத்தில் போடவில்லை. வெளியே, ஒழுங்கை ஓரம் போட்டேன். பவளம் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து இருந்தா.

"இனித் துடக்குக்காரியளுக்கும் இடம், என்னை மாதிரி வாயாடியளுக்கும் இடம்" என்றா.

இப்போது தொண்ணூற்றுநாலு. ஷெல் நிற்கவில்லை. பவளம் அக்காவையும் போன வருஷம் அது கொண்டு போய்விட்டது. செத்தவீடு முடிந்த அன்றே அவவின் கடைசிப் பொடியனைத் தூக்கி வந்து அந்த வாங்கில் இருத்திச் சோறு தீத்தினோம். துடக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

என் பிள்ளைக்கு நாலு வயது. யோகத்தை அம்மா என்று கூப்பிடுகிறது. நான் திருத்தவில்லை.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கும். வைரவரிடம் வாய் திறந்து கேளுங்கள். அவர் தருவார். ஆனால் கேட்டுவிட்டு உங்கள் படலையையும் திறந்து வையுங்கள். ஆர் வந்து நின்றாலும் பிறகு வா என்று சொல்லாதேங்கோ.