வேணாம்

கிரிக்கெட்டில் எனக்கும் என் ஜோடிக்கும் இருந்தவை இரண்டே சொற்கள்: வா, வேணாம். பந்தை அடித்தவள் இரண்டில் ஒன்றைக் கத்துவாள். எதிர்முனையில் நிற்பவள் மறுபேச்சில்லாமல் கேட்பாள். நான் சாந்தோம் சர்ச் பங்கில் வளர்ந்த டீச்சர் மகள். அவள் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் வீட்டுப் பெண். காலையில் அம்மாவுக்குக் கூடை இறக்கிக் கொடுத்துவிட்டு, அண்ணனுடைய ஷூவின் முனையில் துணி திணித்துப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருவாள். மாநில அணியில் நாங்கள்தான் தொடக்க ஆட்டக்காரர்கள். என்னைவிட அவள் நன்றாக ஆடுவாள். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

பெண்களுக்கும் ஓர் இந்திய அணி இருக்கிறது என்பதே அப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. ரயிலில் கிட் பையின் மேல் உட்கார்ந்து போய், பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்து, மறுநாள் ஆடுவோம். ஆனாலும் அந்த அணியில் ஓர் இடத்துக்காக இருவருமே ஏங்கினோம்.

தி.நகர் மைதானத்தில் தேர்வு ஆட்டம். வடக்கிலிருந்து தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். தொடக்க ஆட்டக்காரர் ஒருவருக்குத்தான் இடம் என்று முன்பே தெரியும். பயிற்சியாளர் எங்களைத் தனியே அழைத்து, இன்றைக்கு மட்டும் இங்கிலீஷில் கத்துங்கள், அவர்கள் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடக் கூடாது என்றார். யெஸ், நோ. இதில் என்ன கஷ்டம் என்று தலையாட்டினோம்.

அவள் முப்பது ரன்னைத் தாண்டி அழகாக ஆடிக்கொண்டிருந்தாள். நான் பந்தைத் தட்டினேன். அது தரையோடு உருண்டு நேராக எதிரணிக்காரி ஒருத்தி கைக்குப் போனது. "நோ" என்று கத்தினேன். அவள் காதில் அது "போ" என்று விழுந்திருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தாள். பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தபோது நான் கோட்டுக்குள்ளேயே அசையாமல் நின்றிருந்தேன். திரும்பினாள், அந்த ஷூ வழுக்கியது, ரன் அவுட்.

தேநீர் இடைவேளையில் தேர்வாளர் ஒருவர் யார் மேல் தவறு என்று கேட்டார். நான் தெளிவாக "நோ" என்றுதான் கத்தினேன் என்றேன். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எங்கள் சொல் அதுவல்ல என்பதை மட்டும் சொல்லவில்லை. இந்தியாவுக்காக நான் மூன்று ஆட்டங்கள் ஆடினேன். அவளை அதன் பிறகு யாரும் கூப்பிடவே இல்லை. கேட்பவர்களிடம், "அவ போன்னா, நா போனேன், அவ்ளோதான்" என்பாள். அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாதம் அவள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தியப் பெண்கள் ஆடினார்கள். அவரவர் அளவுக்குத் தைத்த நீலச் சட்டை, முதுகில் பெயர், அரங்கம் நிறையக் கூட்டம். ஆடிக்கொண்டிருந்த இருவரும் தமிழ்ப் பெண்கள். ஒருத்தி பந்தைத் தட்டிவிட்டுக் கத்தியது ஸ்டம்ப் மைக்கில் கணீரென்று கேட்டது: "வேணாம், வேணாம்." மற்றவள் சட்டென்று நின்றாள்.

என் ஜோடி சிரித்தாள். "கேட்டியாடி? இந்தியாவே வேணாம்னு கத்திக்கினு கீது."

அன்று தேர்வாளரிடம் நான் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் ஒருவழியாக அவளிடம் சொன்னேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்டி. அப்போ உன் பின்னாலதான் கால் கழுவிக்கினு இருந்தேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம்" என்றாள்.

மறுபேச்சில்லாமல் கேட்டேன்.