எடை மேடையில் ஒரு பூட் பார்ட்டிஷன்

பழைய ஃபைல் இரண்டை அழித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அழிப்பதெல்லாம் கத்துக்குட்டி வேலை, நாம் டிஸ்கில் அவை இருக்கும் பார்ட்டிஷனையே பெரிதாக்குவோம் என்று உட்கார்ந்தவன் நான். முட்டாளுக்குக் கொம்பு முளைக்கும் என்றால், அந்த அறையின் தாழ்ந்த ஃபேனில் அன்றே அடிபட்டிருக்கும்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளுக்கான எடை மேடை அது. அங்கிருந்த கம்ப்யூட்டரில், வைரஸே வராது என்று பீற்றி, லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அது எழுந்திருக்கத் தேவையான ஃபைல்களுக்கு டிஸ்கின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு பகுதி ஒதுக்கியிருந்தேன். அதுதான் பூட் பார்ட்டிஷன். அன்று மதியம், யாரும் கேட்காமலே லினக்ஸின் மூளையான கெர்னலில் புதுசு ஒன்றை அதில் ஏற்றினேன். இடம் போதாமல் பாதியில் நின்றது. ரீஸ்டார்ட் செய்தேன். எழவில்லை.

சிடியிலிருந்து இன்னொரு லினக்ஸை ஓட்டி, பக்கத்துப் பெரிய பார்ட்டிஷனை அப்படியே தள்ளி வைக்கச் சொன்னேன். தள்ளத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் போச்சு. பேக்கப் எடுப்பது பற்றி நான் அடுத்தவர்களுக்கு உபதேசம் செய்வதோடு சரி.

அப்போதுதான் டிரெய்லர் வந்து நின்றது. காலையில் காலியாக எடை போட்டுவிட்டுப் போன வண்டி, கம்பி ஏற்றித் திரும்பியிருந்தது. அங்கே காலி எடைக்குத் தனிச் சீட்டு தருவதில்லை. பாரத்தோடு வரும்போது இரண்டும் ஒரே சீட்டில் வரும். ஆக, அந்தக் காலி எடை என் டிஸ்கில் மட்டுமே இருந்தது. அது போனால் கம்பி மொத்தத்தையும் இறக்கி, காலி வண்டியை எடை போட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குள் ஹார்பர் கேட்டில் அந்தக் கம்பி ஏற வேண்டிய கப்பலுக்கு நேரம் முடிந்துவிடும்.

"இன்னா நைனா, வருமா வராதா?" என்றார் டிரைவர்.

வரும் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது.

யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. எடை போடும் அக்கா யுபிஎஸ்ஸிலிருந்து பிரின்டரைப் பிடுங்கினார். பிறகு மானிட்டரையும் அணைத்தார். அந்த டப்பா மானிட்டர் கரண்டை அப்படிக் குடிக்கும், நியாயம்தான். ஆனால் வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை. டிஸ்க் விளக்கு மட்டும் சிவப்பாகத் துடித்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். யுபிஎஸ் கத்தும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. சாமியில்லை என்று தெருவெல்லாம் வாதாடியவன், மூன்று மதத்துச் சாமியிடமும் ஒரே மூச்சில் மனு போட்டேன்.

விளக்கு நின்றது. அடுத்த நொடி யுபிஎஸ்ஸும் நின்றது. முடித்துவிட்டு நின்றதா, செத்து நின்றதா, தெரியவில்லை.

டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கரண்ட் வந்ததும் சிடியைப் போட்டுச் சோதித்தேன். பெரிய பார்ட்டிஷன் முழுசாக நகர்ந்திருந்தது. பூட் பார்ட்டிஷனைப் பெரிதாக்கி, அரைகுறைக் கெர்னலை அழித்து, கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பூட் லோடரைப் புதிதாக எழுதி ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு எழுந்தது. அக்கா வண்டி நம்பரைத் தட்ட, காலி எடை அப்படியே வந்தது. டிரைவர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

எனக்கு அதற்குள் தெம்பு திரும்பிவிட்டது. இனிப் பத்து வருஷத்துக்கு இடம் பத்தாமல் போகாது, ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரையும் இப்படியே செய்து தரட்டுமா என்று கேட்டேன். அடுத்த லாரியைப் பார்த்தபடியே அக்கா சொன்னார்:

"மொதல்ல மவுஸ் மேல கீற கைய எடு."