ஓர்கன் வாசித்தவர் பெயர்

வால்தம்ஸ்டோ என்கிற ஆங்கில ஊரில் கஸ்பரைத் தெரியாத யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் இல்லை. ஞாயிறு பூசைக்கு ஓர்கன் வாசிப்பவர், முப்பது வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றவர், ஒருவரையும் லேசில் நம்பாதவர். மீற்றர் பார்க்க வருபவனின் அட்டையைக்கூடக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டுத்தான் கதவுச் சங்கிலியைக் கழற்றுவார். இந்த மனுசன் ஓர் ஆங்கில ராக் பாட்டு அல்பத்தில் வாசித்திருக்கிறார் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் வாசித்தார்.

எண்பத்தேழில் ஒரு ராக் குழு, எதிரொலி நன்றாயிருக்கிறதென்று அவருடைய தேவாலயத்தையே இரண்டு கிழமைக்கு வாடகைக்கு எடுத்துப் பாட்டுப் பதிவு செய்தது. அங்கிருந்த பழைய ஓர்கன் அவர்களுடைய ஆளுக்கு மசியவில்லை. எந்தக் கட்டை ஒட்டிக்கொள்ளும், எந்த மிதியை அரைவாசி அழுத்த வேண்டும் என்பதெல்லாம் கஸ்பருக்குத்தான் அத்துபடி. கூப்பிட்டார்கள். ஒரு மத்தியானம் முழுக்க வெளுத்து வாங்கினார்.

முடிந்ததும் அல்பத்தின் அட்டையில் போடப் பெயர் கேட்டார்கள். கஸ்பருடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை. அந்தக் காலத்தில் நம்மாட்கள் செய்ததைத்தான் அவரும் செய்தார். விசா உள்ள மச்சான் கொட்வினின் பெயரைக் கொடுத்தார். அல்பம் உலகமெல்லாம் ஓடியது. அட்டையில் 'ஓர்கன்: கொட்வின்' என்று நின்றது.

முப்பத்தெட்டு வருடமாக அந்த வரி அவரை அரித்தது. "சாகிறதுக்கு முன்னம் ஒருக்கா அது என்ர பேரில வரவேணும்" என்று மனைவி அருமைநாயகியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

போன மாசியில், அல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறார்கள் என்றும், பாட்டுக் கம்பனிக்காரி ஒருத்தி குட்மேய்ஸில் இருக்கிற கொட்வினைக் கண்டு கதைத்தாள் என்றும் கேள்விப்பட்டார். போதாதா?

"தான்தான் வாசிச்சது எண்டு கையெழுத்து வைச்சிருப்பான்" என்றார் மனைவியிடம்.

"என்ர தம்பி அப்பிடிப்பட்ட ஆளில்லை" என்றாள் அருமைநாயகி.

கொட்வின் நாலு தரம் போன் அடித்தான். கஸ்பர் எடுக்கவில்லை. "சமாளிக்கப் பாக்கிறான்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை காலை கையில் பைலோடு ஒரு வெள்ளைக்காரி வாசலில் நின்றாள். ஓர்கன் வாசித்த கஸ்பர் நீங்கள்தானா என்று கேட்டாள். இவளுக்கு எப்படித் தெரியும்? கொட்வின் தப்புவதற்காகத் தன்னைக் குடிவரவு அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தார். கள்ளப் பெயர், அனுமதியில்லாத வேலை. இந்த வயதில் பாஸ்போட்டைப் பறித்தால் எங்கே போவது?

"நானில்லை. வாசித்தது கொட்வின்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஞாயிறு பூசை முடிய கொட்வின் ஓடி வந்தான்.

"அத்தான், அந்தப் பொம்பிளை வந்தவவே? வாசிச்சது நானில்லை, அத்தான்தான் எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சுக் குடுத்திட்டன். அதைச் சொல்லத்தான் அத்தனை தரம் அடிச்சனான்."

கஸ்பரை வெட்கம் பிடுங்கித் தின்றது. "வந்தவ" என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசியில் புது அட்டை வந்தது. கொட்வின் தானில்லை என்றதால் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். கஸ்பரும் தானில்லை என்றதால் அவர் பெயரைப் போடவில்லை. 'ஓர்கன்: யாரென்று தெரியவில்லை' என்றிருந்தது.

அருமைநாயகி அதை இரண்டு தரம் வாசித்தாள். "கம்பனிக்கு எழுதினா மாத்துவினம். நான் எழுதட்டே?"

கஸ்பர் எழுந்துபோய்க் கதவுச் சங்கிலியைப் போட்டுவிட்டு வந்தார்.

"எழுதும்" என்றார். "ஆனா கடிதத்தில என்ர பேரைப் போடாதேயும்."