நானே சாத்திய கதவு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் மாமனாருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது. கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவர்கள் யார், எந்த வழியாக வருகிறார்கள் என்ற தகவலையெல்லாம் திரட்டி வைக்கும் வேலை, ஆபீஸ் பெங்களூரில். அவ்வளவுதான். அவர் பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசிப்பார். ஒரு நாள் அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னா பெரிய வேலை? ஊர்ல எவன் வூட்ல திருடு பூந்துச்சுன்னு கேட்டுக்கினு, நம்ம வூட்டுக் கதவ சாத்திக்கிறது. அதானமா?"

அதேதான். எங்கள் மேலாளர் படம் போட்டு, அம்புக்குறி போட்டு ஒரு மணி நேரம் விளக்கியதை மனுஷர் ஒரு வாயில் முடித்துவிட்டார்.

அந்த ஊர்வம்பு எங்களுக்குப் பெரும்பாலும் வலைப்பதிவுகளிலிருந்துதான் வரும். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள், இன்ன இடத்தில் இப்படி ஒரு திருட்டு நடந்தது, திருடன் இந்த இணைய முகவரியிலிருந்து வந்தான் என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க யாரால் முடியும்? அதனால் எங்கள் மென்பொருளில் ஒரு வசதி. வலைப்பதிவின் ஃபீட், அதாவது புதுக் கட்டுரைகள் வரிசையாக வந்து விழும் இடம், அதன் முகவரியைக் கொடுத்துவிட்டால், புதுக் கட்டுரை வந்ததும் அதுவே எடுத்துப் படித்து, அதிலிருக்கும் சந்தேக முகவரிகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும். இதை அமைத்துத் தர ஆள் வேண்டும் என்று மேலாளர் கேட்டபோது, அவர் வாயை மூடுவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

காரணம் என் மகள். எங்கள் வீடு சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கம் இருந்து மூடிப்போன ஊர். விடியுமுன் ரயிலேறினால் இருட்டின பிறகுதான் திரும்புவேன். கணவருக்கு ராபர்ட்சன்பேட்டையில் மின்சாமான் கடை. அவராவது மத்தியானம் சாப்பிட வருவார். யுகேஜி படிக்கும் என் பெண் என்னைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில் நான்தான் அவளைப் பார்ப்பேன், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஃபீட் ஒழுங்காக ஓடினால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதற்காக நான் மலையைக்கூடப் புரட்டியிருப்பேன்.

ரயிலில் விஷயம் பரவியது. நான் முன்னாலேயே ஏறுகிறவள் என்பதால், அடுத்து கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் பெண்களுக்கு வரிசையாகத் துப்பட்டா போட்டு இடம் பிடித்து வைப்பது என் பொறுப்பு. ஆளுக்கொரு துப்பட்டா முதல் நாள் மாலையே என் பைக்கு வந்துவிடும்.

"உங்களுக்கு நல்லதுதாங்கா," என்றாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி. "எங்களுக்கு இனிமே யாரு சீட்டு புடிப்பாங்க?"

"நாளைலேர்ந்து உன் புருஷன அனுப்பு," என்றேன். பெட்டியே சிரித்தது.

ஃபீட்டை அமைப்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. முகவரி, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும், கிடைத்த முகவரியை என்ன செய்ய வேண்டும், இவ்வளவுதான் கேட்கும். கடைசிக் கேள்விக்கு இரண்டு பதில் இருந்தன: ஆளிடம் காட்டிவிட்டுத் தடு, அல்லது உடனே தடு. தடுத்துவிட்டால் எங்கள் ஆட்கள் யாருடைய கணினியும் அந்த முகவரிக்குப் போகாது. முதலில் கொஞ்ச நாள் காட்டச் சொல்லிப் பார்க்கலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நான் 'உடனே தடு' என்பதை அழுத்தினேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் அதைத்தான் அழுத்துவார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்குள்ளே பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். எந்த ஷாஃப்ட் குழியில், எந்த லெவல் ஆழத்தில் என்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அடுப்பில் இருப்பது அடுப்பிலேயே இருக்க, சனம் மொத்தமும் ஓடும். விசாரணையெல்லாம் ஓடுகிற வழியில்தான். சுரங்கம் மூடி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், பக்கத்து வீட்டில் அண்டா உருண்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். நானும் நிற்பேன். ஆபத்து என்று காதில் விழுந்த பிறகு, ஆளிடம் காட்டுவதாம், அவர் பார்ப்பதாம். என்ன பேச்சு இது என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதல் சில நாள் ஃபீட் சமர்த்தாக ஓடியது. மேலாளரும் திங்கட்கிழமை வீட்டிலிருந்தே வேலை செய்துபாருங்கள் என்றார். மத்தியானம் பள்ளி விடும்போது வாசலில் நிற்பேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் அதைத் தன் டீச்சரிடம் சொல்லி, ஆட்டோக்காரரிடம் சொல்லி, கணவரின் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவளுக்குத் தலைவாரி அனுப்பிவிட்டு, காபியோடு உட்கார்ந்தேன். ஆபீஸ் கணினிக்குள் போக முடியவில்லை. மறுபடி முயன்றேன், இல்லை. போன் அடிக்க ஆரம்பித்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை.

விஷயம் இதுதான். அன்று காலை ஒரு வலைப்பதிவில், நாங்கள் வெளியிலிருந்து உள்ளே போகப் பயன்படுத்தும் நுழைவுப் பக்கத்தைப் போலவே திருடர்கள் ஒரு போலிப் பக்கம் செய்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஜனங்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, போலி முகவரிக்குப் பக்கத்திலேயே அசலையும் போட்டிருந்தார்கள். என் ஃபீட் இரண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்து, இரண்டையும் உடனே தடுத்துவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் ஆபீஸ் மொத்தத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தேன்.

அதைத் திறக்க எனக்கும் மேலாளருக்கும்தான் அனுமதி, அதுவும் ஆபீசுக்குள் இருந்தால்தான் முடியும். அவர் மைசூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. கன்னடத்தில் பாதியும் ஆங்கிலத்தில் பாதியுமாக அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆபீசில் இருக்கும் யாரிடமாவது என் கடவுச்சொல்லைச் சொல்லிவிடலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லியிருந்தால் இந்த வேலை பார்க்க எனக்கு என்ன யோக்கியதை?

மாமனார் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ கெளம்புமா. கொழந்தய நான் இட்டுக்கினு வரேன்."

பங்காரப்பேட்டை வரை ஆட்டோ, அங்கே வெகுநேரம் காத்திருந்து கிடைத்த ரயில். பாதி வழியில் மாமனாரின் போனிலிருந்து மகள் கூப்பிட்டாள். பள்ளிக்கூட மணியும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"அம்மா, எங்க கீற நீ?"

"ரயில்ல இருக்கேன்டா கண்ணு. ஆபீஸ்ல ஒரு அவசரம்."

"சரி," என்றாள்.

அவ்வளவுதான். அழுதிருந்தால், கத்தியிருந்தால், ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த 'சரி' பழகிப்போயிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

ஆபீசில் வேலை பத்து நிமிஷம்கூட இல்லை. அசல் முகவரியைத் திறந்துவிட்டேன். எங்களுடைய சொந்த முகவரிகளை எந்த ஃபீட்டும் தொடக்கூடாது என்று விதி போட்டேன். 'ஆளிடம் காட்டிவிட்டுத் தடு' என்று மாற்றினேன். பிறகு அன்று தடுக்கப்பட்டவற்றின் பதிவைப் பார்த்தேன். காலையில் எங்கள் ஆள் ஒருவர் நிஜமாகவே அந்தப் போலிப் பக்கத்தின் இணைப்பை அழுத்தியிருந்தார். ஃபீட் அவரை நிறுத்தியிருந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது வாஸ்தவம், ஆனால் எலியும் செத்திருந்தது.

மேலாளருக்குப் போன் செய்து நான் செய்த தப்பு, ஃபீட் தடுத்த போலிப் பக்கம் இரண்டையும் சொன்னேன். கல்யாணச் சாப்பாடு முடிந்திருந்தது போலிருக்கிறது, குரலில் சூடு இல்லை. வந்து சேர ஏன் இவ்வளவு நேரம், வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். தினமும் அங்கிருந்தா வருகிறீர்கள் என்றார். ஃபீட் அப்படியே இருக்கட்டும், இனி மாற்றம் எதையும் இரண்டு பேர் பார்த்த பிறகு செய்யுங்கள், நாளையிலிருந்து வீட்டிலேயே இருங்கள் என்றார்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள்.

"கண்ணு, நாளைலேர்ந்து அம்மா வீட்லதான். தெனமும் மத்தியானம் ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கூடியது.

"கேட்டுச்சா? நாளைலேர்ந்து."

"அது நாளைக்கு," என்றாள். "இன்னிக்கு நான் முழிச்சிக்கினு இருக்கும்போது வருவியா, அத சொல்லு."

மணி மூன்றுகூட ஆகவில்லை. மேலாளரை மறுபடி கூப்பிட்டேன். வேலைக்கு வந்து முதல் தடவையாக, போகட்டுமா என்று கேட்கவில்லை; போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.