பூட்டிய பங்களாவும் நனைந்த நாவலும்

போன வெள்ளிக்கிழமை சாயந்திரத்திலிருந்து ராத்திரி வரைக்கும் என் மகள் தர்ஷினி என்னோடு பேசவில்லை. குற்றவாளி நான்தான், பிள்ளைகளே. ஒரு நாவலை நனைத்துவிட்டேன்... அதுவும் பள்ளிக்கூட லைப்ரரி நாவல்!

பழைய நாவல். நாற்பது கதவு வைத்த வீடு. ஊரையே அதட்டிய குடும்பம். மூன்று தலைமுறையில் எல்லாம் போய்விடுகிறது. அதைப் பற்றித் தர்ஷினி திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டும். உதவி செய்யலாமே என்று, பத்தாம் வகுப்போடு நின்ற நானும் படித்தேன். கடைசியில் அந்த வீட்டுப் பெரியவர் தெருவில் நடக்கிறார். ஒருவர்கூட மரியாதைக்குத் தன் தோளில் கிடந்த துண்டை எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாவம்மா அந்த மனுசன்."

"எனக்கு அப்புடித் தோணலப்பா."

எனக்குப் புரியவில்லை. எப்படித் தோன்றாமல் போகும்?

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு இருவரும் ஒரே குடையில் வந்தோம். நல்ல மழை. புத்தகம் என் கையில். வளைவில் துரை பங்களா, தேயிலைத் தோட்டத்து முதலாளி இருந்தது. அந்தக் காலத்தில் அதன் முன்னால் தோட்டத்தில் வேலை செய்யும் நம் ஆட்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது. சின்ன வயதில் அப்பா என் கையைப் பிடித்துப் பழக்கியது.

சடக்கென்று குடையை மடக்கிவிட்டேன்!

"என்னாப்பா பண்றீங்க? யாருக்கு மடக்குறீங்க? உள்ள குரங்குதான் இருக்கு!"

உண்மைதான். பங்களா பூட்டிப் பல வருடம். கூரையில் மரமே முளைத்துவிட்டது. நான் குடையை மறுபடி விரிப்பதற்குள் புத்தகம் சொட்டச் சொட்ட...

வீட்டில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காய வைத்தேன். வெகுநேரம் கழித்துத்தான் தர்ஷினி வாய் திறந்தாள்.

"அப்பா, கதையில அந்த வீட்டுல பாத்திரம் கழுவுறாங்களே ஒரு அம்மா... அவங்க பேரு என்னா?"

தேடினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அந்த அம்மா வருகிறார். பேர் மட்டும் இல்லை. அழுதபோது இது ஏன் என் கண்ணில் படவில்லை?

அப்படியானால் நான் யாருக்காக அழுதேன்? அந்த அம்மாவுக்கு அல்லவா அழுதிருக்க வேண்டும்? ஆனால் அந்தப் பெரியவரும் பாவம்தானே? இன்னும் குழப்பம்தான், பிள்ளைகளே.

திங்கட்கிழமை டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க நானும் போனேன். அன்றும் மழை.

"நீங்க குடைய மடக்குனதத்தான் வகுப்புல பேசப்போறேன்" என்றாள் தர்ஷினி, வழியில்.

"பேசும்மா."

வளைவு வந்தது. குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மடக்கவே இல்லை! தாண்டியதும் பெருமையாக அவளைப் பார்த்தேன். அவள் என் இன்னொரு கையைப் பார்த்தாள்.

கையில் என் செருப்பு.