ரோசலி துவைக்காமல் விட்ட சட்டை

அமெரிக்கச் சிற்றூரான ஆல்டர்பர்க்கில் ரோசலி ஓபர்டிங்கிடம் கொடுத்த துணி கறையோடு திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. மாதா கோயில் திருவிழாவில் கோழி பொரித்த எண்ணெய், பெர்சிமன் பழச்சாறு, கல்யாணத்தில் அழுது தீர்த்த மாமியாரின் கண் மை, எதுவானாலும் அவளிடம் வாலைச் சுருட்டிக்கொள்ளும். இருபத்தொரு வயதில் மருமகளாக வந்தவள் அவள். கீழே மாமனாரின் டிரை கிளீனிங் கடை, மாடியில் குடித்தனம். மாமனார் போனார், கணவர் கிளீட்டஸும் போனார். கடையும் மாடியும் ரோசலியும் அப்படியே இருந்தார்கள்.

அறுபத்தாறாவது வயதில் அவளுக்கு மாநில அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. துணி வெளுக்கும் திரவம் கடைக்கு அடியில் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்திருக்கிறதாம். சுத்தம் செய்வது அவள் பொறுப்பாம். அந்தக் காலத்தில் இயந்திரத்தின் கசடைக் கொல்லைச் சரளைக்கல் மேல் ஊற்றுவார்கள். ஊற்றினால் ஆவியாகிவிடும் என்று சொன்னவனே இயந்திரம் விற்றவன்தான். இப்போது ஆகும் செலவுக்குக் கடையையும் மாடியையும் விற்றாலும் பாதிகூடத் தேறாது. ஊர்க் கறையை எல்லாம் எடுத்தவள் தன் காலடியில் இப்படி ஒன்றை வைத்திருந்தாளே என்று ரோசலிக்கு அவமானமாக இருந்தது. மாடியை விட்டு எங்கே போவது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வக்கீல் ஒருவர் ஹாலிஸ் என்பவரை அனுப்பிவைத்தார். பழைய இன்சூரன்ஸ் பத்திரங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஹாலிஸின் பிழைப்பு.

"எழுபதுகள்ல உங்க மாமனார் கடைக்கு எடுத்த இன்சூரன்ஸ் பத்திரம் ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் காலாவதியாகி நாப்பது வருஷமாச்சே!"

"காலாவதியானா என்னங்க? அந்த வருஷம் மண்ணுக்கு வந்த சேதத்துக்கு அந்த வருஷத்துப் பத்திரம்தான் பொறுப்பு. இன்னைக்குத் தெரிய வந்தாலும் கம்பெனிக்காரன் குடுத்துதான் ஆகணும். இந்த மாதிரி சேதத்தை எல்லாம் புதுப் பத்திரத்துலதான் எங்க பொறுப்பில்லைன்னு தள்ளிவெச்சுட்டான். பழசுல தள்ளலை."

ரோசலி, "எரிச்சிட்டேன்" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். கிளீட்டஸை அடக்கம் பண்ணின மறுவாரம். தேதி பாத்து, அடுக்கி வெச்சு, ஒண்ணு விடாம கொல்லைப் பீப்பாயில போட்டு எரிச்சேன்."

ஹாலிஸ் சிரித்துவிட்டார். "ஒழுங்கா இருக்கறவங்கதாங்க என் பொழப்புல மண்ணைப் போடறாங்க. குப்பையா வெச்சிருக்கறவன் வீட்டுல எல்லாம் கெடைக்குது."

எந்தக் கம்பெனி என்றே ரோசலிக்கு நினைவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் எப்போதோ செத்துப்போய், அவருடைய ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது டோனட் விற்கிறார்கள்.

"சரி, இன்சூரன்ஸ் இருக்குன்னு காட்டினாத்தான் வேலை தருவோம்னு அப்ப யாராவது கேட்டாங்களா?"

"கன்னியர் மடத்துத் துணியும் எங்ககிட்டதான் வந்துது. அவங்க கேக்க மாட்டாங்க, ஜெபம் பண்ணுவாங்க. பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. ஆனா அவங்க பத்து வருஷத்துக்கு மேல எந்தக் காகிதத்தையும்..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

ஒரே ஒரு வருஷத்துக் காகிதத்தை மட்டும் பள்ளிக்கூடம் தூக்கிப் போடவில்லை. அது 1971. ஆல்டர்பர்க் பையன்கள் கூடைப்பந்தில் வட்டாரக் கோப்பையை வென்ற வருஷம். அந்தக் குளிர்காலத்துப் பந்து, விசில், ஜெயித்த கையோடு கூடையிலிருந்து வெட்டியெடுத்த வலை எல்லாம் விளையாட்டரங்க வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாமி மாதிரி இருக்கின்றன. கூடவே ஆட்டக்காரன் ஒருவனின் சாட்டின் சட்டையும் தொங்குகிறது. வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்ததும், துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று பையன்கள் அடம்பிடித்தார்கள். பயிற்சியாளர் ரோசலி கடையோடு போட்டிருந்த சலவை ஒப்பந்தத்தின் குறுக்கே 'தோற்கும்வரை துவைக்காதே' என்று சிவப்புப் பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைச் சட்டம் போட்டு, அக்குள் மஞ்சளும் நெஞ்சில் சாஸ் கறையுமாக இருக்கும் சட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். தாளின் தலையில் கொட்டை எழுத்தில் 'ஓபர்டிங் சலவைக் கடை'. அழுக்குச் சட்டைக்குப் பக்கத்தில் தன் கடைப் பெயரைப் பார்க்கச் சகிக்காமல், நாற்பத்து மூன்று வருஷமாக ரோசலி பின்வாசல் வழியாகத்தான் ஆட்டம் பார்க்கப் போவாள்.

"அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால இன்சூரன்ஸ் சான்றிதழை வெச்சு ஸ்டேப்ளர் அடிச்சது நான்தான்" என்றாள்.

பெட்டியின் சாவி டெல்பர்ட்டிடம் இருந்தது. அந்த அணியின் மாற்று ஆட்டக்காரன் அவன். இப்போது அரங்கத்துக் காவல்.

"திறக்கவா? நல்லா இருக்கே! உங்களுக்கு அந்தச் சட்டை மேல எத்தனை வருஷமாக் கண்ணு. துவைச்சுப்புடுவீங்க, ரோசலி."

"சட்டையைத் தொட மாட்டேன்டா. காகிதம் போதும். என் கிளீட்டஸ் மேல சத்தியம்."

"அவர் இருந்தப்பவே ஆட்டம் பாக்க வந்ததில்லை. வேற யார் மேலயாவது பண்ணுங்க."

"உன் மேலயே பண்றேன். அந்த வருஷம் ஒரு நிமிஷம்கூட ஆடாதவன் நீ, உனக்கு ஒண்ணும் சேதாரம் ஆகாது."

டெல்பர்ட் முனகிக்கொண்டே திறந்தான். சட்டத்தைக் கழற்றினார்கள். ஒப்பந்தத்துக்குப் பின்னால் பழுப்பேறிய இன்னொரு தாள் இருந்தது. கம்பெனி பெயர், பத்திர எண், தேதி, தொகை எல்லாம் அதில் இருந்தன. ஹாலிஸ் இரண்டு முறை படித்தார்.

"ரெண்டு ஸ்டேப்ளர் ஊசி அடிச்சிருக்கீங்களே?"

"ஒண்ணு அடிச்சா என்னைக்காவது கழண்டுடும்" என்றாள் ரோசலி. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கம்பெனி முதலில் தனக்குத் தெரியவே தெரியாது என்றது. எண்ணைக் காட்டியதும் தேடிப் பார்க்கிறோம் என்றது. அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு ஹாலிஸ் முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருஷத்துப் பத்திரங்களை இழுத்துப் போட்டார். எட்டு மாத இழுபறிக்குப் பிறகு சுத்தம் செய்யும் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மண்ணிலிருந்து அந்தத் திரவத்தை உறிஞ்சியெடுக்கக் கொல்லையில் குழாய் இறக்கி இயந்திரம் வைத்தார்கள். அது இராப்பகலாக உறுமியது. ரோசலி மாடியில் நிம்மதியாகத் தூங்கினாள்.

இலையுதிர் காலத்தில் டெல்பர்ட்டே சட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். தொங்கித் தொங்கித் தோள்பட்டை கிழிந்திருந்தது. "தையல் மட்டும்தான்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனான். சாஸ் கறை கண்ணெதிரே இருந்தது. எந்தப் புட்டி, எத்தனை சொட்டு என்று அவளுக்கு அத்துப்படி. இரண்டு நிமிஷ வேலை. ரோசலி எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தோளை மட்டும் தைத்தாள்.

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அவள் முன்வாசல் வழியாகப் போனாள். வெளியூர்க்காரி ஒருத்தி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"இவ்வளவு அழுக்கா! இது எந்த லட்சணத்துச் சலவைக் கடையோ?"

"எங்க கடைதாங்க" என்றாள் ரோசலி. "நல்லவேளை, துவைக்கலை."