கால் கட்டைவிரலின் கையெழுத்து

கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் அவருக்கு பிரேக் வாத்தியார் என்றுதான் பெயர். பத்தொன்பது வருஷமாகப் புதுசாகப் பழகுகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்து, எத்தனையோ மின்கம்பங்களையும் மதில் சுவர்களையும் காப்பாற்றியவர். அப்பேர்ப்பட்ட காலுக்குத்தான் கண் பட்டுவிட்டது.

அன்று காலை ஒரு வங்கி அதிகாரியம்மா, முதல் தடவையாக வண்டியை நடைபாதையை ஒட்டிக் கோடு போட்ட மாதிரி நிறுத்தினார். வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "இறங்கும்போதுதாம்மா கவனம் வேணும். முதல்ல கண்ணாடியப் பாக்கணும், அப்புறம் கீழ பாக்கணும், அதுக்கப்புறந்தான் காலை வைக்கணும்" என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து, நடைபாதை விளிம்பில் பாதியும் வெறுங்காற்றில் பாதியுமாகக் காலை வைத்தார். கணுக்கால் ஒரு பக்கம் போனது, வாத்தியார் இன்னொரு பக்கம் போனார்.

"இப்படி வைக்கக் கூடாதுன்னு காட்டுறீங்களா சார்?" என்று உள்ளேயிருந்து பவ்யமாக ஒரு குரல் கேட்டது.

தரையில் கிடந்தபடியே, "ஆமாம்மா" என்றார்.

கணுக்கால் எலும்பில் விரிசல், பாதத்தில் தசைநார் கிழிசல். முழங்கால்வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. கூடத்து சோபாவில் இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக் கிடந்தார். மனைவி சமையலறையிலிருந்து கொஞ்சம் வேகமாக வந்தால் போதும், கட்டுக்குள் பாதம் தானாக அழுத்தும். "மெதுவா, மெதுவா. திருப்பத்துல ஹாரன் அடிக்கணும்" என்பார். மனைவி ஒன்றாம் வகுப்பு டீச்சர். பகலெல்லாம் நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்தால், வீட்டில் நாற்பத்தொன்றாவது.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது யாருடைய காலோ மாதிரி இருந்தது. வெளுத்துச் சூம்பி, இந்தப் பக்கமும் அசையவில்லை, அந்தப் பக்கமும் அசையவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சிரிக்கவே தெரியாதவள். "கால் கட்டைவிரலைப் பேனான்னு நினைச்சுக்கோங்க. காத்துல எழுத்தெல்லாம் எழுதுங்க. தினம் மூணு வேளை."

"எத்தனை எழுத்தும்மா?"

"உங்க இஷ்டம்."

"இருநூத்தி நாப்பத்தேழு இருக்கு" என்றார் டீச்சர், கேட்ட மாத்திரத்தில். வாத்தியாருக்கு முகம் செத்துப்போயிற்று.

முதல் நாள் 'ட' மட்டும் வந்தது. நேராகக் கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு. மறுநாள் 'ப'. 'அ' எழுதப் போனபோதுதான் வம்பு. எதிர் நாற்காலியில் நோட்டு திருத்திக்கொண்டிருந்த டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அது என்னங்க?"

"அ."

"கால் எங்க அதுக்கு?"

"கால் போடும்போதுதான் காலு வலிக்குது."

"என் பிள்ளைங்க ரெண்டாவது வாரமே முழுசா எழுதிடுச்சுங்க."

"அதுங்க கையால எழுதுதுங்க."

'ஞ' எழுதப்போய்த் தசை பிடித்துக்கொண்டது. 'ங' வரிசையை நைசாகத் தாண்டப் பார்த்தார். பிடிபட்டு, இரண்டு தடவை எழுத வேண்டி வந்தது. மூன்று புள்ளி வைத்தால் முடிந்துவிடும் ஆய்த எழுத்தைத்தான் ஆசை ஆசையாக எழுதினார். டீச்சர் இல்லாத வேளைகளில் அரைமணி நேரம் வெறும் ஆய்தமாகவே போகும்.

பத்தாவது வாரம் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. சாயங்காலமானால் வீக்கம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. எழுதாமல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். "இது இனிமே பிரேக்குக்கு ஆகாது. வேற வேலை பாக்க வேண்டியதுதான்" என்றார் மெல்ல.

டீச்சர் நோட்டுகளை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் காலை நீட்டி, காற்றில் ஓர் 'அ' போட்டார். அடிபடாத காலிலும் அது கோணல்மாணலாகத்தான் வந்தது.

வாத்தியார் உற்றுப் பார்த்தார். "சுழி சரியில்ல."

"அப்ப நீங்க எழுதிக் காட்டுங்க."

எழுதிக் காட்டினார். சுழி, வளைவு, கால், எல்லாம் இருந்தது. பதிலுக்கு 'ஔ' எழுதப்போன டீச்சருக்குத் தசை பிடித்துக்கொள்ள, அன்று ராத்திரிச் சமையல்வரை அவர் காலை இவர்தான் நீவிவிட்டார்.

பதினாலாவது வாரம், அடுத்த மாசம் வேலைக்குப் போகலாம் என்றாள் பிசியோதெரபிஸ்ட். அந்தத் தெம்பில் கைத்தடியோடு தனியாகத் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினார். இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் அவரைத் தாண்டிப் போனாள். போன வேலையை முடித்துத் திரும்பி எதிரே வந்தபோது அவர் இன்னும் பாதித் தெருவில்தான் இருந்தார். குழந்தைகள் இரண்டும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி கையாட்டின. ஒருவழியாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும், கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "என்ன சார் வேணும்?" என்றார்.

என்ன வாங்க வந்தோம் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. வீட்டுக்குப் போன் போட்டார். "என்னம்மா வாங்கிட்டு வரச் சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே."

ஒரு தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினார். போகும்போது இருபத்துமூன்று நிமிஷம். வரும்போது இருபதுதான்.